டிக்கியில் கிடந்த டைமிங் பெல்ட்

காலை ஆறு ஐம்பத்து மூன்றுக்கு என் கார் நின்றது. நேரத்தைப் பார்த்தது நானல்ல, பக்கத்து இருக்கையில் இருந்த என் மகள் தர்ஷினி. அன்று அவளுக்கு, பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சையின் முதல் நாள். பரீட்சை இரத்தினபுரி நகரத்தில், எட்டரைக்கு. அரை மணி நேரத்துக்கு மேல் பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள். நாங்கள் நின்ற இடமோ ரப்பர் மலையின் நடுவே, பஸ் வராத, கைப்பேசிக்குச் சிக்னலும் வராத குறுக்குப் பாதை.

நிற்கும்போது சத்தம் எதுவும் வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போனதுபோல் அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுமை எதுவும் இல்லாதது போல இலேசாக, வேகமாகச் சுற்றியது. முப்பத்தொரு வருடம் கேட்ட காது அது. அந்தச் சுற்றலுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது.

எங்கள் தோட்டக் குழுமத்து வேர்க்‌ஷொப்பில் இப்போது வேலை செய்யும் பொடியன்கள் சிலர், "சேர், உங்க அனுபவத்த எழுதித் தாங்க, நம்ம குரூப்ல போடுவோம்" என்று மாதக்கணக்காகக் கேட்டு வருகிறார்கள். புதிதாக வந்த வண்டிகளில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கிறதாம், பழைய வண்டிக் கதைகள் இனிக் கிடைக்காதாம். அவர்களுக்கு வேண்டியது என் முப்பத்தொரு வருடம் இல்லை, இந்த ஒரு காலைதான் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் முப்பத்தொரு வருடத்தையும் கொஞ்சம் சேர்த்தே தருகிறேன். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் காலை எவ்வளவு வெட்கக்கேடானது என்று புரியாது.

நான் படித்த கதை சின்னது. தோட்டப் பாடசாலை, பிறகு டவுனில் ஒரு பாடசாலை, உயர்தரத்தில் கணிதம், பல்கலைக்கழகத்துக்குப் போதாத புள்ளி, தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் எஞ்சின் பாடம். சான்றிதழோடு வேர்க்‌ஷொப்புக்குப் போனேன். முதல் நாள் கையில் கொடுத்தது விளக்குமாறு.

கொடுத்தவர் ஜயசேன பாஸ். எங்கள் பக்கம் கைத்தொழிலில் தலைமையாக இருப்பவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். காலையில் வெள்ளைச் சட்டையோடு வருவார், மாலையில் அதே வெள்ளைச் சட்டையோடு போவார். இடையில் நாள் முழுக்க எஞ்சினுக்குள் கை விட்டிருப்பார். அது எப்படி என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நான் வேர்க்‌ஷொப் கேட்டைத் தாண்டும்போதே முழங்கை வரை கிரீஸ் ஏறிவிடும்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. யாராவது பிழை விட்டால் வெளியே போய் ஒரு பிளேன்டீ குடிப்பார். திரும்பி வந்து, பிழை விட்டவன் செய்த முழு வேலையையும், சரியாகச் செய்த பகுதிகளையும் சேர்த்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்றுவார். பிழை விட்டவன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஏசினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

டைமிங் பெல்ட் மாற்றுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுகள் வழிவிட வேண்டும். அந்த இரண்டையும் தாளம் தப்பாமல் ஓட வைப்பதுதான் இந்தப் பல் வைத்த ரப்பர்ப் பட்டி. பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால், மேலே இருக்கும் சக்கரத்திலும் கீழே இருக்கும் சக்கரத்திலும் பாஸ் அடையாளம் வைப்பார். சோக்குக் கட்டியால் அல்ல, கியூடெக்ஸால். மனைவியின் மேசையிலிருந்து எடுத்து வந்த சிவப்பு நகப்பூச்சு. எண்ணெய் பட்டாலும் அழியாதாம். புதுப் பெல்ட்டைப் போட்டு இழுவையைச் சரிபார்த்ததும் யாரும் ஸ்டார்ட் பண்ண முடியாது. வண்டிச் சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்கும்.

"மல்லி, மொதல்ல கையால ரெண்டு சுத்து. ஹெமின், ஹெமின். எங்கயாவது முட்டுதான்னு பாரு. பொறவு சாவி" என்பார், சிங்களம் கலந்த பாதித் தமிழில். மல்லி என்றால் தம்பி, ஹெமின் என்றால் மெதுவாக. முழு பலத்தையும் போட்டு மெதுவாகச் சுற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்தவனுக்குத்தான் தெரியும். இரண்டு சுற்று முடிந்து சிவப்புப் புள்ளிகள் நேருக்கு நேர் வந்தால்தான் சட்டைப் பைக்குள் கை போகும். தோட்டத்துத் துரையே வந்து அவசரம் என்று நின்றாலும் இதே கதைதான்.

பெல்ட்டோடு சேர்த்து அதை இறுக்கிப் பிடிக்கும் உருளையையும் தண்ணீர்ப் பம்பையும் மாற்றச் சொல்வார். வாடிக்கையாளர்கள் முறைப்பார்கள். செலவில் பெரும்பகுதி பெல்ட்டுக்கு இல்லை, அதை எட்டுவதற்காக எஞ்சினின் ஒரு பக்கத்தையே பிரித்துப் போடும் வேலைக்குத்தான். ஆறு மாதம் கழித்துப் பம்ப் ஒழுகினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். இதை நான்தான் தமிழில் விளக்க வேண்டியிருந்தது. விளக்கி விளக்கி அதில் எனக்கு ஒரு ருசியே வந்துவிட்டது.

அந்த ருசி உச்சத்துக்குப் போனது தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்த ஐயாவின் காரில். அவருக்கு ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். மகள் கல்யாணம் முடியட்டும் என்றார், மழை விடட்டும் என்றார். ஒருநாள் நடந்து வந்தார். கார் மேல் டிவிஷன் வளைவில் நின்றிருந்தது.

பாஸ் எஞ்சின் தலையைக் கழற்றினார். பதினாறு வால்வுகளையும் எடுத்து, எந்த இடத்தில் இருந்ததோ அதே வரிசையில் பேப்பர் மேல் வைத்தார். பிறகு ஒரு கண்ணாடித் துண்டைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு வால்வையும் அதன் மேல் விரலால் உருட்டினார். நேராக இருந்தால் சத்தமில்லாமல் ஓடும். வளைந்திருந்தால் நொண்டும், கண்ணாடியில் டக் டக் என்று தட்டும். ஐயா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவதிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. பாஸ் நிறுத்தவில்லை. பதினாறையும் உருட்டினார்.

ஐயா என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, வித்துடலாமா, செஞ்சுடலாமா?"

கஷ்டமான கேள்வி. வால்வு, கேஸ்கட், தலையைச் சீவும் லேத் வேலை, பிறகு பெல்ட் என்று கூட்டினால் பழைய காரின் விலையில் கால் பங்கைத் தொடும். ஜப்பானில் கழற்றிய பழைய எஞ்சின் ஒன்றை அப்படியே வாங்கி வைத்தால் கொஞ்சம் மலிவு, ஆனால் அதன் பெல்ட்டுக்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. ஓடாத காரை விற்கப் போனால் இரும்பு விலைதான் சொல்வார்கள். பாஸ் யோசித்துவிட்டுச் சொன்னார்: "செய்வோம். வளைஞ்சத மட்டும் மாத்துவோம். நல்லது கெடக்கட்டும்." ஐயாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருபத்தெட்டு வயது, கையில் சான்றிதழ். "ஐயா, பெல்ட் மனுஷன் மாதிரி இல்லீங்க. இருமாது, காய்ச்சல் வராது, முன்னாடி சொல்லாது. நாமதான் காலம் பாத்து மாத்தணும்" என்றேன்.

ஐயா தலையை ஆட்டினார். "நானும் ரெண்டாம் நம்பர் லயத்துல பிரஷருக்கு மாத்திரை குடுக்கும்போது இதேதான் சொல்றேன் தம்பி. யாரு கேக்குறாங்க?"

அந்தப் பிரசங்கத்தை அதன் பிறகு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. பாஸ் ஓய்வுபெற்று நான் சூப்பர்வைசர் ஆனதும் பிரசங்கம் இன்னும் நீண்டது. வீட்டில் சோறு தின்னும்போதும் சொல்லியிருக்கிறேன். என் மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே டைமிங் பெல்ட்டைப் பற்றித் தெரிந்துகொண்ட பிள்ளை.

இனி என் காருக்கு வருகிறேன். முப்பது வருடப் பழைய ஜப்பான் கார். புது வண்டி இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் இப்படிப்பட்ட கிழங்களுக்கு ராஜ மரியாதை வந்தது, விற்க மனம் வரவில்லை. சாமான்கள் தட்டுப்பாடான அந்த நாட்களில் பெல்ட் விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. நான் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை கடையாக ஏறி இறங்கி, பெட்டியோடு ஒரு நல்ல பெல்ட் வாங்கி வந்தேன். அன்று எனக்கு இருந்த பெருமையைப் பார்த்து என் மனைவி கமலா, "புள்ள பொறந்தப்ப கூட இப்பிடி சிரிக்கலீங்க" என்றாள்.

அந்தப் பெல்ட்டை டிக்கியில் வைத்தேன். அங்கேயே இருந்தது. காரில் ஓடிக்கொண்டிருந்த பழையது நன்றாகத்தானே ஓடுகிறது, இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை அவசரப்பட்டு வீணாக்குவானேன் என்று நினைத்தேன். வாங்கி வைத்ததே மாற்றிவிட்டது மாதிரி ஒரு நிம்மதி. அந்த வருடங்களில் காஸ் சிலிண்டரையும் பால்மாவையும் இப்படித்தானே பூட்டி வைத்தோம், பழக்கம் பெல்ட்டுக்கும் தொற்றிவிட்டது. வேறு யாரையும் தொடவிட மனமில்லை. ஓய்வு பெற்றதும் நானே ஆறுதலாகப் போடுவேன் என்றேன். ஓய்வு பெற்ற பிறகு எல்லா நாளும் ஓய்வாக இருந்ததால் எந்த நாளும் அமையவில்லை.

ஆயுத பூசை வரும்போது மட்டும் மறக்கமாட்டேன். ஸ்பானர் பெட்டியோடு பெல்ட் பெட்டியையும் வைத்துச் சந்தனப் பொட்டிட்டுச் சூடம் காட்டுவேன். காரின் பொனட்டைத் திறந்து, பழைய பெல்ட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவர் மேலும் சந்தனம் பூசுவேன். அந்தக் கவரைப் பிடித்திருப்பது சில நட்டுகள்தான். கழற்றி உள்ளே ஒரு பார்வை பார்த்திருக்கலாம். சந்தனம் கலையுமே என்று விட்டேன்.

கார் ஓடும் தூரமும் குறைவு, கிலோமீட்டர் கணக்கில் இன்னும் காலம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் தோட்டத்திலேயே தலை நரைத்தவன், ரப்பருக்கும் வயதாகும் என்பதை மறந்து போனேன்.

தர்ஷினி இரண்டு வருடமாக ஆறேகால் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தாள். ஒருநாளும் பிந்தியதில்லை. பரீட்சை நெருங்கியதும் எனக்குத் தூக்கம் போனது. எங்கள் லயத்து வீடுகள் பக்கம் கணிதப் பிரிவில் உட்காரும் முதல் பெண் பிள்ளை அவள். எனக்குப் போதாமல் போன புள்ளி அவளுக்குப் போதவேண்டும் என்று வேண்டாத தெய்வம் இல்லை. "பஸ்ஸ நம்ப முடியாது. பரீட்சை முடியிற வரைக்கும் கார்லதான்" என்று சட்டம் போட்டேன்.

"பஸ் சரியா வருமே அப்பா" என்றாள்.

"என்னைக்காவது ஒருநாள் பிரேக்டவுன் ஆனா?"

பரீட்சை நாளும் வந்தது. பஸ் போய்ப் பத்து நிமிடம் கழித்துப் புறப்பட்டோம். பெரிய ரோட்டில் அந்தப் பஸ்ஸைப் பிடித்து முந்தினேன். முந்தும்போது ஹாரன் வேறு அடித்தேன். அதோடு விட்டேனா? பெரிய ரோட்டில் மண்சரிவு வேலை நடக்கலாம் என்று ரப்பர் மலைக் குறுக்குப் பாதையில் திருப்பினேன். பஸ் நேரே போனது. மண்சரிவு வேலை எதுவும் நடக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

கார் நின்றதும் தர்ஷினி கேட்டாள்: "என்னப்பா?"

"ஒன்னுமில்ல."

நான் இன்னொரு முறை சாவியைத் திருப்பினேன். அந்த இலேசான சுற்றல். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பெல்ட்டா?"

"ஆமா."

பொனட்டைத் திறந்தேன். கவர் மேல் போன பூசையின் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. புத்தி வேலை செய்யவில்லை, கை வேலை செய்தது. டிக்கியைத் திறந்து பெல்ட் பெட்டியையும் ஸ்பானரையும் எடுத்தேன். "இருக்கு, இருக்கு, இங்கேயே மாத்திடுவேன்" என்றேன்.

"அப்பா, நீங்கதானே சொல்லுவீங்க, அறுந்தா வால்வ் வளைஞ்சிரும்னு. புதுசு போட்டாலும் ஓடாது."

ஸ்பானரோடு நின்றேன். என் பிரசங்கத்தை வேறொருவர் வாயால் கேட்டது அன்றுதான். (அவள் சொன்னது சரி. மறுவாரம் பழைய வேர்க்‌ஷொப்பில் தலையைக் கழற்றியபோது பாதிக்கு மேற்பட்ட வால்வுகள் கண்ணாடியில் நொண்டின. பொடியன்கள் பதினாறையும் உருட்டிக் காட்டினார்கள். செலவைக் கேட்டு, வித்துடலாமா என்று நானும் கேட்டேன்.)

அவள் அழவில்லை. சப்பாத்து லேஸை இறுக்கிக் கட்டினாள், அடையாள அட்டை இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்த்தாள், நடக்கத் தொடங்கினாள். பெரிய ரோட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாத நடை. நான் காரைப் பூட்டவும் மறந்து அவள் பின்னால் ஓடினேன். "தர்சி, நில்லும்மா" என்றேன். நின்று என்ன செய்யச் சொல்வது என்று எனக்கே தெரியாது.

காரைவிட்டு இருபது அடி போகவில்லை, அந்தச் சங்கீதம் கேட்டது. வளைவுக்குக் கீழே எங்கேயோ, பாண் விற்கும் முச்சக்கர வண்டியின் டிங் டிங் மெட்டு. காலையில் அதைக் கேட்டால் எரிச்சல் வரும் எனக்கு. வந்தவர் நௌஷாத் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். டவுன் பேக்கரியிலிருந்து பாண் எடுத்து மலையெல்லாம் சுற்றுபவர், தலையில் எப்போதும் வெள்ளைத் தொப்பி. முகம் தெரியுமே தவிர நான் அவரோடு அதிகம் பேசியதில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்து நேரத்தைக் கணித்த மாதிரி ஒரு கணம் நின்றார். "எட்டரக்கா? இன்னம் நேரம் ஈக்கி. ஏறுங்க மகள்."

ஏற இடம் எங்கே? பின்பக்கம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டி, தட்டுத் தட்டாகப் பாண், பணிஸ், மீன் வைத்த மாலுபாண். நானா தட்டுகளை உருவத் தொடங்கினார். "புடிங்க சேர், புடிங்க" என்று ஒவ்வொன்றாக என் கையில் தந்தார். நான் அவற்றைக் காரின் கூரை மேலும் மூடிய பொனட் மேலும் அடுக்கினேன். காலியான இடத்தில் தர்ஷினி முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தாள். நான் கூட வரவா என்று கேட்க வாயெடுத்தேன்.

"நீங்க பாணப் பாத்துக்கங்க. கொரங்கு வரும்" என்றார் நானா. வண்டி பாட்டோடு இறங்கிப் போனது.

அதற்குப் பிறகு நான் கழித்த நேரத்தை விவரிப்பது கஷ்டம். சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏறலாம் என்றால் பாணை விட்டுப் போக முடியாது. ரப்பர் மரங்களில் குரங்குகள் ஏற்கனவே கூடிவிட்டன. ஒரு கையில் ஸ்பானரை வைத்து விரட்டிக்கொண்டே, மனதுக்குள் அவளை ஒவ்வொரு வளைவாகக் கொண்டு போனேன். இந்நேரம் பாலம். இந்நேரம் ரயில் இல்லாத அந்தப் பழைய ஸ்டேஷன் சந்தி. இந்நேரம் கேட். கேட் மூடியிருக்குமோ என்று நினைத்ததும் மறுபடி பாலத்திலிருந்து தொடங்கினேன்.

ரப்பர் பால் வெட்டப் போன பெண்கள் இருவர் வந்தார்கள். காரையும் என்னையும் பார்த்துவிட்டு, "பணிஸ் என்னா வெலங்க?" என்றார்கள். எனக்குத் தெரியாது. அவர்களே சொன்னார்கள், அவர்களே காசை வைத்துவிட்டு எடுத்துப்போனார்கள். அடுத்து வந்தவன் செல்வராஜ். என் கீழே பதினைந்து வருடம் வெல்டிங் செய்தவன். சைக்கிளை நிறுத்தி இறங்கினான். சிரிப்பை அடக்குவதற்கு அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

"என்னாங்க சேர், பென்சன் பத்தலீங்களா?"

"வாய மூடு. பெல்ட் போயிருச்சு."

அவன் பொனட் மேலிருந்த தட்டுகளையும் அவற்றின் பக்கத்தில் பிரிக்காத பெல்ட் பெட்டியையும் பார்த்தான். "புதுசு இருக்கே சேர். பாணோட சேத்து இதையும் விக்கிறீங்களா?"

தர்ஷினியின் பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். அவன் முகம் மாறியது. சைக்கிளைச் சாத்திவிட்டு, ஒரு கிளையை ஒடித்து எடுத்து, மறுபக்கக் குரங்குகளை அவன் பார்த்துக்கொண்டான். "போயிருப்பா சேர்" என்று மட்டும் இடைக்கிடை சொன்னான். நான் தலையை ஆட்டினேன். இன்றும் எந்த வண்டியில் ஏறினாலும் என் காது எஞ்சினை விட்டு அசையமாட்டேன் என்கிறது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது விழாது. அன்று பிடித்த பயம்.

வெயில் மரங்களுக்கு மேலே ஏறிய பிறகு அந்த மெட்டு மறுபடி கேட்டது. நான் பாணையும் குரங்கையும் விட்டு வளைவுக்கு ஓடினேன். நானா வண்டியை நிறுத்தி ஆறுதலாக இறங்கினார். நான் காலியான கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"உள்ளுக்குப் போயிட்டா சேர். பெல் அடிக்க முந்தியே."

நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நானா தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கேட்டுல ஒரு கரச்சல். பாட்டு சுவிட்ச் இறுகிப் போய் ஓஃப் பண்ண ஏலாம அப்பிடியே சத்தத்தோட போய் நின்ன. செக்கியூரிட்டி ஓடி வந்து, இங்க பாண் விக்க ஏலாதுன்னு மறிச்சிட்டார். விளக்கம் சொல்ல எங்க நேரம்? 'மகே துவ'ன்னு சொல்லிட்டன், என்ட மகள்னு. அவர் புள்ளட நெத்திப் பொட்டப் பாத்தார், என்ட தொப்பியப் பாத்தார். ஒன்னும் பேசாமக் கேட்டத் தொறந்தார்."

அவர் என் பக்கத்தில் குந்தி, குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சிக்கிடாதீங்க சேர். பரீட்ச முடியிற வரக்கிம் நாந்தான் கொண்டு போகணும். நாளக்கி வேற வாப்பா வந்து நின்னா கேட்டுல கேள்வி கேப்பாங்க."